கல்வி வாய்ப்பும் வீட்டுப் பின்னணியும்

அறப்பணி வாரியத்தின் ஆண்டு மலருக்குக் கல்வியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டனர். கல்வியின் சிறப்பைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம்மிடையே பலர் உண்டு. நான் தமிழ்ப்பள்ளியில் 33 ஆண்டுகள் பாடம் நடத்தியவன். ஓய்வு பெற்ற பிறகு, கல்வி நிதிக்கு வரும் விண்ணப்பங்களைப் பிரித்துப் படிக்கும் வேலையைத் தொண்டாகச் செய்து வருகிறேன். இன்ன இனத்தில், இன்ன வீட்டில் பிறந்தது என்பதனால் ஒரு பிள்ளையின் படிப்பு எங்கே தடைபடுகிறது என்பதை, அந்த இரண்டு நாற்காலிகளிலும் இருந்து பார்த்த அளவுக்கு இங்கே எழுதுகிறேன்.

ஆலயத்தில் பூஜை முடிந்து அன்னதானப் பந்தியில் உட்கார்ந்தால், சாம்பார் வருவதற்கு முன்பே ஒரு பேச்சு வந்துவிடும். "நம்ம பிள்ளைங்களுக்கு எங்கேங்க இடம் கொடுக்கிறாங்க?" என்பதே அது. பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுவார். எதிரே இருப்பவர் தமக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் கதையைச் சொல்லுவார். நானும் பல ஆண்டுகள் தலையாட்டியிருக்கிறேன்.

பல்கலைக்கழக வாசல்

அந்தப் பேச்சு வெறும் புலம்பல் அன்று. கூட்டரசு அரசியலமைப்பின் 153ஆவது பிரிவு மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வகுடியினர் ஆகியோரின் சிறப்பு நிலையைப் பாதுகாக்கிறது. 1969 மே கலவரத்துக்குப் பின்னர், 1971ஆம் ஆண்டில் அப்பிரிவில் 8ஏ என்னும் உட்பிரிவு சேர்க்கப்பட்டு, உயர்கல்விக் கூடங்களிலும் இடங்களை ஒதுக்கி வைக்க வழி செய்யப்பட்டது. விடுதலை பெற்ற காலத்தில் கிராமத்து மலாய்ப் பிள்ளைக்கும் மேற்படிப்பு எட்டாத தூரத்தில்தான் இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஓர் ஏணி வேண்டியிருந்தது. அதே அளவு ஏழையான தோட்டத்துப் பிள்ளை அந்த ஏணியின் கணக்கில் வரவில்லை என்பதுதான் நம் ஆதங்கம்.

பல்கலைக்கழக ஒதுக்கீட்டு முறை 2002ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுத் தகுதி முறை வந்தது. ஆனால் அந்தத் தகுதியை அளக்க இரண்டு அளவுகோல்கள் இருந்தன. ஒன்று எஸ்.டி.பி.எம். தேர்வு, மற்றொன்று மெட்ரிகுலேசன். மெட்ரிகுலேசன் கல்லூரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு இடங்கள் பூமிபுத்ரா மாணவர்களுக்கு, பத்து இடங்கள் மற்ற எல்லாருக்கும் என்பது வழக்கமாயிற்று. 2019ஆம் ஆண்டில் மொத்த இடங்கள் 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டபோதும் அந்த விகிதம் மாறவில்லை. 2024ஆம் ஆண்டில், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-வும் அதற்கு மேலும் பெற்ற மாணவர் எந்த இனத்தவராயினும் மெட்ரிகுலேசனில் இடம் உண்டு என்று அரசாங்கம் அறிவித்தது. அது ஒரு பெரிய மாற்றம்தான்.

ஆனால் நான் கேட்க நினைக்கும் கேள்வி வேறு. நான் முதன்முதலில் பொறுப்பேற்ற ஆறாம் ஆண்டு வகுப்பில் 28 பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதும் நிலைவரை போனவன் ஒரே ஒருவன். அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அவன் பட்ட வேதனையை நான் அறிவேன். மீதி 27 பேரையும் எந்த ஒதுக்கீடும் வாசலில் நிறுத்தவில்லை. அந்த வாசலை அவர்கள் கண்ணாலேயே கண்டதில்லை. பந்தியில் நாம் பேசுவதெல்லாம் அந்த ஒருவனைப் பற்றித்தான். அவனைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். ஆனால் இருபத்தேழு பேர் எங்கே நின்றார்கள்?

ஒரே இனம், இரண்டு வீடுகள்

இனம் என்ற ஒரே சொல்லைக் கொண்டு இதற்கு விடை காண முடியாது. பழைய மலாயாவைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்கள், அங்கே மிஷனரிப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்று வந்தவர்கள். ரயில்வேயிலும், நில அளவை இலாகாவிலும், கணக்கு அலுவலகங்களிலும் வேலைக்கு அமர்ந்தார்கள். கோலாலம்பூரிலும் சிரம்பானிலும் ஆங்கிலப் பள்ளிகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் நடந்தே பள்ளிக்குப் போனார்கள்; அடுத்த தலைமுறையில் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் ஆனார்கள்.

அதே காலத்தில் திருச்சி, சேலம், தஞ்சை, வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணி மூலம் வந்த தமிழன் ரப்பர் தோட்டத்து லயத்தில் இறக்கப்பட்டான். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளியை நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு சொன்னது. பள்ளி நடந்தது. எப்படி? பல தோட்டங்களில் ஒரு கொட்டகை. கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ வாத்தியார். காலையில் பெரட்டு முடிந்த பிறகு பாடம். பிள்ளைகள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பால் வாளியைத் தூக்கினார்கள். மேற்கொண்டு படிக்க ஆங்கிலப் பள்ளி வேண்டும். ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் பஸ் இல்லை. இருந்தாலும் காசு இல்லை.

இரண்டு வீட்டிலும் தமிழ்தான் பேசினார்கள். இரண்டு வீட்டிலும் முருகனைத்தான் கும்பிட்டார்கள். குடிமதிப்புக் கணக்கில் பிற்காலத்தில் இருவரும் 'இந்தியர்' என்ற ஒரே கட்டத்துக்குள் வந்தார்கள். இன்று இந்தியரில் மருத்துவர் இத்தனை பேர் என்று ஒருவர் மேடையில் பெருமைப்படுகிறார். இந்திய மாணவர் இடைநிற்றல் கவலைக்குரியது என்று அதே மேடையில் அடுத்தவர் வருந்துகிறார். இருவர் சொல்வதும் உண்மை. அவர்கள் இரண்டு வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். (நம் ஊர்ச் சாதியும் கப்பலேறி வந்து, லயத்தின் எந்தக் கோடியில் யார் குடியிருப்பது என்பதைத் தீர்மானித்தது. அதை எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.)

ஆறாம் ஆண்டுக்கும் படிவம் ஒன்றுக்கும் நடுவே

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் ஆங்கில வழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய் வழிக்கு மாறிக்கொண்டிருந்தன. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் தமிழில் கணிதமும் அறிவியலும் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் எல்லாவற்றையும் மலாயில் படிக்க வேண்டும். தேசிய மொழித் தேர்வில் தேறாத பிள்ளை நேரே படிவம் ஒன்றுக்குப் போக முடியாது; புகுமுக வகுப்பில் ஓராண்டு இருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு வந்த பின்னரும் இதே நிலைதான்.

மொழியைச் சரிசெய்து அனுப்புவதற்காகவே ஏற்பட்ட வகுப்பு அது. ஏட்டளவில் நல்ல ஏற்பாடு. நடைமுறையில் என் பிள்ளைகள் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டு மலாய்ப் பையன் படிவம் இரண்டுக்குப் போகும்போது, தான் படிவம் ஒன்றில் ஒரு வயது மூத்தவனாக நிற்பான். புகுமுக வகுப்பின் அறையும் பெரும்பாலும் ஓர் ஓரமாகத்தான் இருந்தது. கணக்கில் கெட்டிக்காரனாக இருந்த ஒரு பையனிடம் இரண்டு மாதம் கழித்து, "எப்படியப்பா இருக்கிறது பெரிய பள்ளி?" என்று கேட்டேன். "விடை தெரியும் சார். சொல்லத்தான் தெரியல" என்றான். விடை தெரிந்து சொல்லத் தெரியாதவனும் விடையே தெரியாதவனும் ஆசிரியர் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தோன்றுவார்கள். அவன் அந்த ஆண்டு முடியுமுன்பே லாரி அட்டெண்டன்டாகப் போய்விட்டான்.

இதைக் கேட்டதும், "அதனால்தான் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்கிறோம்" என்று சொல்லும் படித்த அன்பர்கள் உண்டு. நான் அவர்களோடு உடன்படுவதில்லை. தாய்மொழியில் கணக்குப் புரிந்த பிள்ளைதான் அவன், புரிந்ததே தமிழ்ப்பள்ளியால்தான். ஆற்றுக்கு இக்கரையில் பள்ளி இருந்தது, அக்கரையில் பள்ளி இருந்தது, நடுவே பாலம் இல்லை. பட்டணத்தில் பாலர் பள்ளி முடித்து, வீட்டில் மலாய்ப் பத்திரிகையும் தொலைக்காட்சியும் கண்டு வந்த தமிழ்ப் பிள்ளைகள் அதே தமிழ்ப்பள்ளியிலிருந்து போய் நன்றாகவே தேறினார்கள். தோட்டத்துப் பிள்ளை ஆயாக்கொட்டகையில் இருந்து நேராக ஒன்றாம் ஆண்டுக்கு வந்தது. பென்சில் பிடிக்க வைப்பதற்கே எனக்கு மூன்று மாதம் ஆகும்.

பள்ளிக் கட்டடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். நிலம் தோட்ட நிர்வாகத்துடையது என்பதால், ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் கொடுக்கும். கூரை ஒழுகினால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தை மேம்பாட்டாளர் வாங்கினால் மக்கள் சிதறுவார்கள். இன்றைய புத்ராஜெயா நிற்கும் இடத்தில் பிராங் பெசார் முதலான தோட்டங்கள் இருந்தன; அங்கிருந்தவர்கள் டெங்கிலில் அடுக்குமாடிக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். நாடு முழுவதும் இப்படி எத்தனையோ தோட்டங்கள். மக்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் போய்விட, பள்ளி செம்பனைக் காட்டுக்குள் தனியே நின்றது. 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்றே மேல். அவற்றிலும் பாதிக்கு மேல் 150 மாணவர்கூட இல்லாதவை.

மேசை இழுப்பறை

இதுவரை சொன்னதில் சட்டத்தையும் தோட்டத் துரையையும் குறை கூறிவிட்டேன். என் பங்கையும் சொல்ல வேண்டும்.

1991ஆம் ஆண்டு. என் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. அப்பா பால்மரம் சீவுகிறவர், அம்மா புல்வெட்டு வேலை. ஒரு முறை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள். நான் பலகையில் செய்யும் தவறுகளை எழுந்து நின்று மரியாதையாகச் சுட்டிக் காட்டுவாள். அந்த ஆண்டு ஒரு விடுதிப் பள்ளிக்கான விண்ணப்பப் படிவம் எங்கள் பள்ளிக்கு வந்தது. தகுதியான மாணவர் இருந்தால் நிரப்பி அனுப்பலாம் என்று குறிப்பு. தகுதியான மாணவி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் படிவத்தை ஒரு முறை பார்த்தேன். எட்டுப் பக்கம், எல்லாம் மலாயில், தகப்பனாரின் வருமானச் சான்று வேண்டும், மானேஜரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். 'நமக்கெல்லாம் எங்கே கொடுக்கப் போகிறார்கள்' என்று எண்ணிக்கொண்டேன். படிவத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன். கடைசித் தேதி போன பிறகும் அது அங்கேதான் கிடந்தது.

கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மறுத்தது அவர்கள் அல்லர். அவர்களுக்கு முன்பே நான் மறுத்துவிட்டேன். பலமுறை கதவு சாத்தப்பட்டதைக் கண்டவனுக்குக் கதவைத் தட்டுகிற பழக்கமே விட்டுப்போகிறது. சாத்தியவன் மேல் பாதிப் பழி என்றால், மீதிப் பாதியை நான் யார் மேல் போடுவது? அந்தப் பெண் படிவம் இரண்டோடு நின்று மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள்.

சில ஆண்டுகளுக்கு முன் கல்வி நிதி நேர்முகத்தில் ஒரு தாய் தன் மகளோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "சார், என்னைத் தெரியுதா?" என்றார். தெரிந்தது. மகளின் எஸ்.பி.எம். முடிவைக் காட்டினார். படிவத்தில் பாதி இடம் காலியாக இருந்தது. "எனக்கு இதெல்லாம் எழுதத் தெரியல சார்" என்றார். நானே பேனாவை வாங்கி நிரப்பிக் கொடுத்தேன். இழுப்பறை விஷயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. இந்த மலரை அவர் வாங்குவார் என்றே நினைக்கிறேன்.

விண்ணப்பங்களைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று விளங்கிற்று. தட்டச்சுச் செய்து, இணைப்புகளை வரிசையாக வைத்து வருகிற படிவம், ஏற்கெனவே படித்தவர் இருக்கிற வீட்டிலிருந்து வருகிறது. அடித்துத் திருத்தி, பாதி காலியாக வருகிற படிவம் உதவி தேவைப்படுகிற வீட்டிலிருந்து வருகிறது. நாங்களோ பல காலம், 'முழுமையாக நிரப்பப்படாத விண்ணப்பம் நிராகரிக்கப்படும்' என்று அச்சிட்டு, இரண்டாவது கட்டை ஓரமாக வைத்துக்கொண்டிருந்தோம். அரசாங்கத்தைக் குறை சொல்லிய அதே நாங்கள்தான்.

தாலியும் பதிவும்

காலியாக வருகிற கட்டங்களில் அதிகம் காலியாக இருப்பது அடையாள அட்டை எண். இது ஆலயத்தோடு நேரடியாகத் தொடர்புடைய விஷயம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

விடுதலைக்குப் பின் குடியுரிமைக்கு மனுச் செய்யாமல் விட்டவர்கள் தோட்டங்களில் நிறையப் பேர். 'பொறந்து வளர்ந்தது இங்கேதானே, எதற்குப் பத்திரம்?' என்று இருந்துவிட்டார்கள். பலருக்குச் சிவப்பு அடையாள அட்டை. சிலருக்கு ஒன்றுமே இல்லை. அந்தப் பத்திரமின்மை பேரப்பிள்ளை வரை வருகிறது. எப்படி என்றால், 1976ஆம் ஆண்டுத் திருமணம் மற்றும் மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்தது. அன்று முதல் ஆலயத்தில் தாலி கட்டினால் மட்டும் போதாது. முறையாகப் பதிவு செய்தால்தான் சட்டப்படி திருமணம். பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளை, குடியுரிமையில் தாயின் நிலையைப் பெறும். தகப்பன் நீல அட்டை வைத்திருக்கும் மலேசியக் குடிமகனாகவே இருக்கலாம். தாய் அயல்நாட்டவராகவோ நாடற்றவராகவோ இருந்தால், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் அல்லர் என்று எழுதிவிடுவார்கள்.

பெற்றோர் அதைப் படித்துப் பார்ப்பதில்லை. பள்ளியில் சேர்க்கும்போது முதல் அடி. ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. இரவல் பாடநூல் கிடைக்கவில்லை. 12 வயதில் வகுப்பே மைகாட் எடுக்கப் போகும்போது அந்தப் பிள்ளை மட்டும் பின்தங்கி நிற்கும்போது இரண்டாம் அடி. அரசாங்க உபகாரச் சம்பளமும் பல்கலைக்கழக இடமும் கேட்கும்போது மூன்றாம் அடி. பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்தால் ஆவணம் முழுமையாக இல்லாமலே பள்ளியில் சேர்க்கலாம், பிறகு ஆவணம் எடுத்துக்கொள்ளலாம் என்று 2019இல் கல்வி அமைச்சு விதியைத் தளர்த்தியது. முதல் அடி அதனால் சற்று இலேசாயிற்று. மற்ற இரண்டும் அப்படியே.

என் வகுப்பில் இருந்த இத்தகைய பிள்ளைகளை நான் சோம்பேறிகள் என்று எண்ணியிருக்கிறேன். ஆறாம் ஆண்டில் திடீரென்று படிப்பில் நாட்டமில்லாமல் போய்விடும். எங்கே போய் முட்டும் என்று தெரிந்த பாதையில் எந்தப் பிள்ளை ஓடும்?

ஆலயங்கள் இதில் செய்யக்கூடியது உண்டு. சட்டப்படி ஆலயத்தைச் சேர்ந்தவரையே துணைத் திருமணப் பதிவாளராக நியமிக்க இடமிருக்கிறது. அத்தகைய ஆலயங்கள் நாட்டில் பல உள்ளன. மண்டபத்தை வாடகைக்கு விடும்போதே, 'பதிவு ஆயிற்றா?' என்று கேட்டுவிட்டுத் தேதி கொடுத்தால் போதும். திருக்குடமுழுக்குக்கு நாம் திரட்டும் தொகையில் இதற்கு ஒரு வெள்ளிகூடத் தேவையில்லை. கல்விப் பணிக்கும் நமக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1982ஆம் ஆண்டில் டாக்டர் தம்பிராஜா அவர்கள் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பக்தியையும் பிரத்தியேக வகுப்பையும் ஒரே கூரையின்கீழ் வைத்து, 'நம்மால் முடியாது' என்று நினைத்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தேர்வு மண்டபம் வரை கொண்டுபோய் விட்டது.

எங்கள் குழுவில் இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறோம். அரைகுறையாக வரும் விண்ணப்பத்தை நிராகரிப்பதில்லை. தொலைபேசியில் அழைத்து நேரில் வரச் சொல்கிறோம். மேலும், பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கே என்று இருந்த நிதியில் ஒரு பகுதியை, ஆறாம் ஆண்டிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் மலாய் வகுப்புக்கும் பஸ் கட்டணத்துக்கும் பிரித்து வைத்துள்ளோம். முன்னதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். பின்னதற்கு எதிர்ப்பு இருந்தது. பட்டதாரி ஒருவரின் படத்தை மலரில் போட்டால் நன்கொடையாளருக்கு மகிழ்ச்சி. பஸ் ஏறுகிற பிள்ளையின் படத்தை யார் பார்ப்பார்கள் என்று ஓர் அன்பர் கேட்டார். அவர் சொன்னதிலும் நடைமுறை உண்மை இருக்கிறது. விவாதம் இன்னும் முடியவில்லை.

மெட்ரிகுலேசன், எஸ்.டி.பி.எம்., பல்கலைக்கழகம், உபகாரச் சம்பளம் ஆகிய எந்தப் படிவமாயினும் நிரப்பித் தர, ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை காலையில் ஆலய மண்டபத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நால்வர் உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளையையும் கூட அழைத்து வாருங்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, திருமணப் பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றை மறவாமல் கொண்டு வரவும். இவை இல்லாதவர்கள் முதலில் வரவும்.